முதுமலையில் புலி தெரியாது என்று யார் சொன்னது?

கூடலூர்க்காரன்:
"முதுமலைக்குப் போனால் மான் பார்க்கலாம், புலி வேண்டுமென்றால் ராஜஸ்தானின் ரந்தம்போர்" என்று நேற்று தேக்கா வாசி எழுதியிருந்தார். ஜூன் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் பெற்றோர் இதை நம்பிவிடக் கூடாது. நான் முதுமலையில் புலியைப் பார்த்தவன். தெப்பக்காடு தாண்டி, மைசூர் சாலையோரம்.

தேக்கா வாசி:
எவ்வளவு தூரம் தாண்டி? கக்கநல்லா சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கமென்றால் அது பந்திப்பூர். கர்நாடகப் புலியை நம் கணக்கில் எழுதாதீர்கள்.

கூடலூர்க்காரன்:
இந்தப் பக்கம்தான். பிறந்து வளர்ந்த ஊர் எனக்குத் தெரியாதா? 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 306 புலி, கர்நாடகத்துக்கு 563. காடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. புலி சாவடியில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டா கடக்கிறது?

தேக்கா வாசி:
அப்படியானால் "முதுமலையில்" என்று ஏன் அடித்துச் சொல்கிறீர்கள்? சாவடி வந்ததா, வரவில்லையா? ரந்தம்போர் வறண்ட காடு. கோடையில் இலை உதிர்ந்து திறந்து கிடக்கும், புலி தண்ணீருக்கு ஏரிக்கரைக்கு வந்தாக வேண்டும். முதுமலையில் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரம். யானை நின்றாலே தெரியாது.

செங்காங் அக்கா:
ஜூனில் ராஜஸ்தான் வெயிலில் பிள்ளைகளைத் திறந்த ஜீப்பில் உட்கார வைப்பீர்களா தம்பி? ஜூலை முதல் செப்டம்பர் வரை முக்கியமான வழித்தடங்களை மூடிவிடுகிறார்கள். அதையும் எழுத வேண்டாமா?

தேக்கா வாசி:
அக்கா, பேச்சு சாவடியைப் பற்றி.

யீஷூன் மணி:
இவ்வளவு சண்டை எதற்கு? நம் சிங்கப்பூர் மண்டாயில் இரவு சஃபாரி 1994லிருந்து இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் புலி உறுதி.

கூடலூர்க்காரன்:
மணி, வேலிக்குள் இருப்பதைக் காட்டோடு சேர்க்காதீர்கள். காட்டில் புலி வருவதற்கு முன்னால் மான் அலறும், மந்தி கிளையில் ஏறிக் கத்தும். அந்தச் சத்தத்தில் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் அடங்கிப்போவார்கள். புலி வராமல் போனாலும் என் மகள் அதைத்தான் இன்றும் சொல்கிறாள். தேக்கா வாசிக்கு இது புரியாது. போன தீபாவளி விமானக் கட்டண விவாதத்திலும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

தேக்கா வாசி:
அப்போதும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சரி, சாலையோரம் பார்த்தேன் என்கிறீர்களே, வண்டியை நிறுத்தினீர்களா? அங்கே நிறுத்தினால் அபராதம்.

கூடலூர்க்காரன்:
நிறுத்தவில்லை! அரசுப் பேருந்தில் போனேன். இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலையை மூடுவதும் எனக்குத் தெரியும். எனக்கே பாடமா?

தேக்கா வாசி:
ஓடுகிற பேருந்திலிருந்து புலி. அதுவும் சாவடிக்கு இந்தப் பக்கம். நல்லது.

செங்காங் அக்கா:
கோயம்புத்தூரில் இறங்கி ஊட்டி வழியாகப் போனால் இ-பாஸ் வேண்டுமா? யாராவது சொல்லுங்களேன்.

கூடலூர்க்காரன்:
வேண்டும் அக்கா. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து உண்டு. கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

தேக்கா வாசி:
மைசூர் வழியாக வருபவர்கள் அதை எந்தச் சாவடியில் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கக்கநல்லாதானே?