கன்டெய்னரில் ஸ்லர்ம் கிளஸ்டர்: சிகுரூப் சிக்கலுக்கு உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். கிளஸ்டர் (ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் கணினித் தொகுப்பு) வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆனாலும் வேலைகளை வரிசையில் போட்டு ஓட்டுவது எப்படி என்று பிள்ளைகள் கையால் செய்து பழக வேண்டும் என்பது என் ஆசை. அதனால் 16 ஜிபி ரேம் உள்ள ஒரே உபுண்டு கணினியில் டாக்கர் போட்டு நாலு கன்டெய்னர் (தனித்தனிக் கணினிபோல் இயங்கும் பெட்டிகள்) வைத்து, வேலைகளை வரிசைப்படுத்திப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருளை அவற்றில் போட்டிருக்கிறேன். ஒன்று தலைமை, மற்ற மூன்றும் வேலை செய்ய.

பாதி தூரம் வந்துவிட்டேன். கன்டெய்னர்கள் ஒன்றையொன்று நம்பப் பயன்படும் முன்ஜ் சாவி ஒவ்வொன்றிலும் வேறாக இருந்ததால் முதலில் ஒன்றையொன்று ஏற்கவில்லை. ஒரே சாவியை எல்லாவற்றிலும் வைத்ததும் சரியானது.

இப்போது சிக்கல் சிகுரூப்பில், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் நினைவகம் போன்றவற்றில் வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதியில். கணினியில் இருப்பது சிகுரூப் 2-ஆம் பதிப்பு. வேலை செய்யும் கன்டெய்னர்களில் ஓடும் ஸ்லர்ம்டி நிரல் தொடங்கும்போது, லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியைத் தேடுகிறது. கன்டெய்னருக்குள் அது இல்லாததால் நின்றுவிடுகிறது. நிலையைக் காட்டும் எஸ்இன்ஃபோ கட்டளையில் மூன்றும் 'டவுன்'. சிஸ்டம்டியை நாடாமல் இருக்கச் சொல்லும் இக்னோர்சிஸ்டம்டி அமைப்பை 'யெஸ்' என்று மாற்றியும், பிரிவிலேஜ்டு முறையில் (கன்டெய்னருக்குக் கணினி மீது ஏறக்குறைய முழு உரிமையும் கொடுத்து) ஓட்டினால் மட்டுமே எழுகிறது. மாணவர்கள் புழங்கும் கணினியில் அவ்வளவு உரிமை கொடுக்க எனக்கு மனமில்லை.

பிரிவிலேஜ்டு இல்லாமல் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த மவுன்ட் (கன்டெய்னருக்குள் இணைக்கும் கோப்புறை), எந்த உரிமை கொடுத்தால் போதும்? இல்லை, சிகுரூப்பையே விட்டுவிட்டு, வேலைகளை வேறு வழியில் கண்காணிக்கும் லினக்ஸ்பிராக் முறைக்குப் போய்விடலாமா? அப்படிப் போனால் சிகுரூப் வழியாக வரும் நினைவக வரம்பு போய்விடும். பிள்ளைகளுக்கு முக்கியமாக அதைத்தான் காட்ட நினைத்தேன்.

ஈரோடு, கோவைப் பக்கம் யாராவது நேரில் பார்த்துச் சொல்ல முடிந்தால், கணினியோடு பஸ் ஏறி வந்துவிடுகிறேனுங்க.