யோசிக்காமலே கை நீளுது, இதை எப்படி மாத்துறது?

நாஞ்சில்_மழை
எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய்ட்டு வந்து அடுக்களையில சாமான் எடுத்து வைக்கும்போ கவர் எத்தனைன்னு எண்ணிப் பாத்தேன், ஒன்பது. கருவேப்பிலைக்கு ஒண்ணு, பத்து ரூவா பச்சமொளவுக்கு ஒண்ணு, மரச்சீனிக் கெழங்குக்கு ரெண்டு, இப்படியே. அதுல ஒண்ணுகூட நான் கேட்டு வாங்கினது இல்ல, ஆனா வேண்டாம்னும் சொல்லல. இத்தனைக்கும் வீட்ல ஏழெட்டு துணிப்பை கெடக்கு.

அம்மா அந்தக் கவரையெல்லாம் சுருட்டி வச்சிருந்து, வெந்நீர் அடுப்புல கொதும்புக்கு (காஞ்ச தென்னம்பாளை) அடியில செருகித்தான் தீ பத்த வைப்பா. அன்னைக்கு அந்தப் புகை ஜன்னல் வழியா வந்து, படிச்சிட்டு இருந்த என் பொண்ணு இருமினா பாருங்க, அப்பம்தான் எனக்கு உறைச்சுது, நான் கை நீட்டி வாங்கின கவர் இப்பம் இவ மூச்சுல போகுதேன்னு. மறுநாள் முழுக்க என்னையே கவனிச்சேன். காலையில கண்ணு முழிச்சதும் போன், பஸ் ஸ்டாண்டுல பேப்பர் கப்புல சாயா, சாயங்காலம் பிள்ளைக்கு பாக்கெட் சிப்ஸ். எதையும் யோசிச்சு செய்யல. செஞ்சு முடிச்சப் பொறவு தோணுது, செய்யும்போ தோணல. அந்த நேரத்துல ஞாபகம் வர நீங்க என்ன செய்யிறீங்க?

தோவாளை_பூக்காடு
சந்தையில வச்சு யோசிக்கணும்னு நெனச்சா நடக்காது தங்கச்சி, அங்க கூட்டம், வெயில், கையில சில்லறை, பின்னாடி நிக்கவங்க அவசரம். வீட்டை விட்டு எறங்கும்போதே முடிவு ஆயிருக்கணும். நான் ரெண்டு பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலயே போட்டுட்டேன், வீட்டுக்குள்ள கொண்டு போனா திரும்பி வராது. இன்னொண்ணு, கடைக்காரங்க கையைக் கவனிச்சுப் பாருங்க, எடை போட்டு முடியிறதுக்கு முன்னாடியே ஆணியில தொங்குற கவரைப் பிச்சிருவாங்க, பிச்சப் பொறவு வேண்டாம்னு சொல்ல நமக்கு சங்கடமா இருக்கும். அதனால தட்டுல போடும்போதே "அக்கா, கவர் வேண்டாம், பையில தட்டுங்க"ன்னு சொல்லிருங்க. பச்சமொளவும் தக்காளியும் ஒரே பையில கெடந்தா ஒண்ணும் ஆவாது, வீட்ல வந்து பிரிச்சா போதும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லையே. 2010 சமயத்துல ராஜேந்திர ரத்னூ கலெக்டரா இருந்தப்போ கவரை நிறுத்துனாங்க, சனம் பையோடதான் கடைக்குப் போச்சு. பொறவு 2019 ஜனவரி 1லேருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை வந்துச்சு, நீங்க சாயா குடிச்ச அந்த பேப்பர் கப்பும் தடை லிஸ்ட்ல உண்டு, உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கதுனால. கடையில கண்ணாடி கிளாஸ்ல கேட்டா தருவாங்க, நான் தினமும் கேக்கேன். மழை பெஞ்சா இந்தக் கவரெல்லாம் ஓடை, வாய்க்கால் வழியா பழையாத்துல விழுந்து மணக்குடி பொழியில போய் கடல்லதான் சேருது.

கொளச்சல்_அலை
அண்ணன் சொன்ன அந்தக் கடல்லதான் எங்க வீட்டு ஆளுங்க வலை போடுறாங்க, வலையில மீனோட கவரும் ஏறி வருது. மீன் வாங்க வாறவங்க தூக்குவாளி கொண்டு வாங்க, அது ஒண்ணு. என்ன மீன் வாங்குறோம்னும் கொஞ்சம் யோசிங்க. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், எங்க கொளச்சல் பக்கம் மேற்குக் கடற்கரை கணக்கு, ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரை. மீன் பெருகட்டும்னுதான் அந்தத் தடை. அந்த நேரத்துல வள்ளத்துலயும் கட்டுமரத்துலயும் போறவங்க கொண்டு வாற சாளை, நெத்தோலி என்ன கெடைக்குதோ அதை வாங்கினா அந்தக் குடும்பங்களுக்கு உதவி. விரல் நீளம்கூட இல்லாத அயிலைக் குஞ்சு, சூரைக் குஞ்சு கூடையில கெடந்தா வெல கொறைவுன்னு வாங்காதீங்க எக்கா, வாங்க ஆள் இருக்கதுனாலதான் அதைப் பிடிக்காங்க. எனக்கு இது ரொம்ப வருத்தம்.

மார்த்தாண்டம்_மருமக
எல்லாம் சரிதான், ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த கவனம் எல்லாம் கடைசியில வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் விழுது. ரெண்டு பிள்ளைய கெளப்பி 7.40 பஸ்ஸைப் பிடிக்க எனக்கு கவர், கப், போன், மீன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல யோசிக்க முடியல, முயற்சி பண்ணி ஒரு வாரத்துல விட்டுட்டேன். அதனால ஒரு மாசத்துக்கு ஒண்ணே ஒண்ணுன்னு வச்சுக்கிட்டேன். போன மாசம் பிள்ளைங்க சாயங்காலத் தீனி. பாக்கெட் வாங்கி வைக்கதை நிறுத்திட்டு மட்டிப்பழம் ஒரு சீப்பு பிள்ளைங்க கை எட்டுற எடத்துல தொங்க விட்டேன், அவ்வளவுதான். புவிசார் குறியீடு கெடைச்ச பழம், நம்ம ஊர்ல கைக்குழந்தைக்கே குடுக்கது, அதை விட்டுட்டு எதுக்கு சிப்ஸ். பையைத் தூக்குற வேலையை இந்த மாசம் வீட்டுக்காரர்கிட்ட குடுத்தாச்சு. உங்க அம்மாவைத் திட்டாதீங்க, அடுப்புப் பக்கத்துல காஞ்ச தென்னை ஓலைச் சூட்டும் சிரட்டையும் ஒரு கடவத்துல (ஓலைப் பெட்டி) நெறச்சு வைங்க, கைக்கு எது கிட்டக்க கெடக்கோ அதைத்தான் எடுப்பாங்க.

நாஞ்சில்_மழை
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். சூட்டு கட்டி வச்ச அன்னைக்கே அம்மா "இது முன்னாடியே இங்க இருந்தா நான் எதுக்கு மக்ளே கவரைத் தேடப் போறேன்"னு கேட்டா. எனக்கு அழுகையே வந்துட்டு, அவளை மனசுக்குள்ள எவ்வளவு குத்தம் சொல்லியிருக்கேன். இந்த சனிக்கிழமை சந்தையில மூணு கவர். இறைச்சிக் கடையிலதான் மாட்டிக்கிட்டேன், அங்க என்ன செய்யிறீங்க?

தோவாளை_பூக்காடு
மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. வெட்டுறதுக்கு முன்னாடியே பலகைப் பக்கத்துல வச்சிருங்க, அவரே அதுல போட்டுருவாரு. முன்னாடி தேக்கிலையில பொதிஞ்சு தருவாங்க, இப்பமும் கேட்டா தாற கடை ஒண்ணு ரெண்டு உண்டு.