டோக்கியோவில் டைசன் தோற்றது ரூனி இல்லாததாலா, டக்ளஸ் இருந்ததாலா?

கயிற்றோரம்:
1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம், உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை. அதுவரை மைக் டைசனுக்கு 37 மேட்ச், 37 வெற்றி, அதில் 33 நாக் அவுட். பத்தாவது ரவுண்டில் பஸ்டர் டக்ளஸ் கையால் டைசன் விழுந்தார். விவாகரத்து, புரமோட்டர் டான் கிங், ஊர்சுற்றல் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், 1988 கடைசியில் பயிற்சியாளர் கெவின் ரூனியை வெளியே அனுப்பியதுதான் காரணம். டைசனின் கை நீளம் 71 அங்குலம், டக்ளஸுக்கு 83. நடுவில் முழுசாக ஒரு அடி. தலையை ஆட்டி ஜாபுக்கு (முன்கையால் நேராக விடும் குத்து) அடியில் நுழைந்தால்தான் அந்த ஒரு அடியைக் கடக்க முடியும். டைசனை வளர்த்த குரு கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்து, ரூனி தினமும் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வித்தை அது. டோக்கியோவில் தலை நட்டுவைத்த கம்பம் மாதிரி நடுக்கோட்டிலேயே நின்றது.

நாலாவது மூலை:
காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கு நண்பரே. ரூனி டைசனோட கார்னர்ல, அதாவது ரவுண்டுக்கு நடுவுல கவனிக்கிற குழுவுல, நின்னப்பவே இந்த ஓட்டை தெரிஞ்சுதே. 1986 மே மாசம் டில்லிஸ், மிட்ச் கிரீன் ரெண்டு பேரும் பத்து ரவுண்டு தாக்குப்பிடிச்சாங்க. 1987ல 'எலும்பு நொறுக்கி'ன்னு பட்டப்பேர் வாங்கின ஸ்மித் 12 ரவுண்டும் கட்டிப்பிடிச்சே ஓட்டினார். அதே வருஷம் டோனி டக்கர் முதல் ரவுண்டுலயே அப்பர்கட்ல (கீழேருந்து மேல விடுற குத்து) ஆட்டிவிட்டார். உயரமான ஆள், கிளின்ச் பண்ண, அதாவது கட்டிப்பிடிச்சு நிறுத்த, தெரிஞ்ச ஆள்னாலே டைசனுக்குத் திணறல்தான். அவங்ககிட்ட இல்லாத ஜாப் டக்ளஸ்கிட்ட இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கயிற்றோரம்:
அந்த நாலு பேரில் ஒருத்தராவது ஜெயித்தாரா? நாலுமே டைசனுக்குப் பாயிண்ட்ஸ் வெற்றி. அப்போது ஒரு குத்து விட்டதும் தலை இடம் மாறும், கால் பக்கவாட்டில் போகும், அங்கிருந்து அடுத்த குத்து கிளம்பும். குத்துக்கெல்லாம் நம்பர் வைத்துப் பழக்கியிருந்தார்கள். மூன்று நான்கு சேர்த்துத்தான் வரும். டோக்கியோவில் ஒரே ஒரு ஹூக்கை (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தூக்கிக்கொண்டு நேராகப் பாய்கிறார். டக்ளஸ் ஜாபால் நிறுத்தி, வலதைப் போட்டு, கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். எடை ஏறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரூனி இருந்தபோது மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தபோது சுமார் 218 பவுண்டு, இங்கே 220.

மணிச்சத்தம்:
கார்னர் லட்சணத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. இடது கண் வீங்கினா ஐஸ்ல போட்டு வச்ச வழவழப்பான உலோகக் கட்டியை கன்ன எலும்பு மேல அசையாம அழுத்தணும். தேய்க்கவே கூடாது, தேய்ச்சா உள்ளே கசியுற ரத்தம் பரவி வீக்கம் பெருசாகும். ரவுண்டுக்கு நடுவுல கிடைக்கிறதே ஒரு நிமிஷம். அன்னிக்கு டைசன் கார்னர்ல அந்தக் கட்டியே இல்லை! ரப்பர் கையுறைல ஐஸ் தண்ணியை ஊத்தி ஒத்தினாங்க. உலக சாம்பியன் கார்னர்ங்க இது. இடது கண் மூடிக்கிட்டா எதிராளியோட வலது கை வர்றதே தெரியாது.

அப்புறம் எட்டாவது ரவுண்டு. டைசனோட அப்பர்கட்ல டக்ளஸ் விழுந்தார். பத்து எண்றதுக்குள்ள எழுந்திரிக்கணும், ஆனா ரெஃப்ரி எண்ணினது நேரக் கணக்காளரைவிட பின்தங்கியிருந்தது. அதையும் பேசணும்.

நாலாவது மூலை:
நீண்ட எண்ணிக்கையை டான் கிங் அப்பவே பேசிப் பார்த்துட்டார், எடுபடலை. விழுந்தவர் ரெஃப்ரி விரலைத்தான் பார்க்கணும், டக்ளஸ் பார்த்தார், ஒன்பதுல எழுந்தார். கார்னர் மோசம்ங்கிறது சரி, மறுக்கலை. ஆனா கண்ணை வீங்க வச்சது யாரோட கை?

கயிற்றோரம்:
தலை ஆடியிருந்தால் கண் வீங்கியிருக்காது. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம். அதோடு, ஒன்பது ரவுண்டு முடிவில் புள்ளிக் கணக்கில் ஒரு ஜட்ஜ் 88-82 டக்ளஸ், இன்னொருவர் 86-86, மூன்றாமவர் 87-86 டைசன். அந்த ஆட்டத்திலும் ஒருவர் கணக்கில் டைசன் முன்னால்.

நாலாவது மூலை:
அந்த 87-86 எப்படி வந்ததுன்னு இன்னிக்கும் புரியலை, விடுங்க. ஒன்பதாவது ரவுண்டை மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. முந்தின ரவுண்டுல விழுந்த ஆளை முடிச்சிடலாம்னு டைசன் பாய்றார். டக்ளஸ் ஒதுங்கி ஓடலை, திருப்பி அடிச்சுக் கயிறு வரைக்கும் தள்ளிட்டுப் போறார். அடுத்த ரவுண்டுல ஒரு வலது அப்பர்கட், தலை பின்னால போகுது, மேல மேல இன்னும் குத்து. டைசன் தரையில தவழ்ந்து பல்கவசத்தைத் தேடி எடுத்து, பாதி வாயில பாதி வெளியிலன்னு கடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கிறார். அதுக்குள்ள ரெஃப்ரி பத்து எண்ணிட்டார்.