தேவிகுளமும் பீருமேடும் எந்தக் கணக்கில் போயின?

தோவாளைச்செல்வன்

நவம்பர் 1 வந்தால் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், மேடையில் பெயர் சொல்கிறோம், அத்தோடு சரி. 1956-இல் இந்த மாநிலம் பிறந்தபோது, மலைத் தாலுகாக்களான தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கேரளத்தில் விட்டுப் போட்ட கோடு நியாயமானதா என்று யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர். கிடைத்தது தெற்கே நான்கும் செங்கோட்டையில் பெரும்பகுதியும். போராட்டம் சூடு பிடித்தது எங்கே என்று பாருங்கள். மார்ஷல் நேசமணி 1954 ஜூலையில் தடையுத்தரவை மீறிக் கைதானது தேவிகுளத்தில். அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் உடன் போனார்கள். நாஞ்சில் நாட்டுத் தலைவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்காக மலையேறிச் சிறைக்குப் போனார்கள். அதன் தொடர்ச்சிதான் ஆகஸ்ட் 11. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் போலீஸ் சுட்டதில் எங்கள் ஆட்கள் செத்தார்கள். பட்டத்தின் கட்சியான பிரஜா சோஷலிஸ்டிலேயே லோகியா எழுந்து, இந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார்.

அடுத்த ஆண்டு, 1955 செப்டம்பர் 30-இல், மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் அதிகம், ஆகவே சென்னை மாநிலத்துக்கு. சரி. தேவிகுளத்திலும் தமிழ் பேசுவோர்தான் அதிகம். அங்கே மட்டும் "இவர்கள் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள்" என்று சொல்லிக் கழித்துவிட்டார்கள். தெற்கே ஆளை எண்ணினார்கள், மலையில் எண்ணிய ஆளைத் தள்ளிவிட்டார்கள். இதை எப்படி நியாயம் என்று ஏற்பது?

கணக்கன்

செல்வன் ஐயா, தியாகத்தில் எனக்கு மறுப்பே இல்லை. தீர்ப்பில் இரண்டு அளவுகோல் என்கிறீர்களே, அதில்தான் மறுப்பு.

தேவிகுளத்தையும் பீருமேட்டையும் ஒரே மூச்சில் சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை. பீருமேட்டில் பாதிக்கும் கீழே. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீருமேடு பக்கம் என்பதால் அந்தப் பெயரை விடாமல் பிடித்திருக்கிறோம். மொழிக் கணக்கில் மட்டும் பார்த்தால் பீருமேட்டுக்கு நமக்கு வாதமே கிடையாது.

அடுத்து, ஆணையம் மொழியை மட்டும் பார்த்து எங்கேயும் கோடு போடவில்லை. கூடியவரை மாவட்டத்தை உடைக்காமல் வைத்தார்கள், பொருளாதாரத் தொடர்பைப் பார்த்தார்கள். அந்தப் போக்கால் நமக்கும் ஆதாயம் உண்டு. ஒசூர் தாலுகாவில் அன்று தெலுங்கும் கன்னடமும் பேசியவர்களே அதிகம். கர்நாடகத்தாரும் கேட்டார்கள், ஆந்திரரும் கேட்டார்கள். சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டதால்தான் இன்று ஒசூர் நம்முடையது. எண்ணிக்கை ஒன்றுதான் அளவுகோல் என்றால் ஒசூரை எந்த வாயால் கேட்டிருப்போம்? கன்னடம் பேசுவோர் அதிகம் என்று கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. அதற்கு நம்மில் யாரும் கண்ணீர் விடவில்லை.

ஏலமும் தேயிலையும் பள்ளிவாசல் மின்நிலையமும் போனால் திருவிதாங்கூர்-கொச்சிக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் அப்போது இருந்தது. தெற்கே நாஞ்சில் நாட்டு நெல்வயலை இழந்த மாநிலத்திடம் மலையையும் கேட்டோம். ஒரு நடுவர் என்ன செய்வார்?

தோவாளைச்செல்வன்

நடுவர் என்கிறீர்கள். ஆணையத்தில் மூன்று பேர்: ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். ஃபசல் அலிக்குப் பீகாரோடு நெடுநாள் தொடர்பு இருந்ததால், பீகாருக்கு வங்கத்தோடும் ஒரிசாவோடும் இருந்த எல்லை வழக்குகளில் அவர் கலந்துகொள்ளவில்லை. அறிக்கையிலேயே இருக்கிறது. பணிக்கர் கேரளத்துக்காரர். அவரைப் பற்றி அப்படி ஒரு வரி அறிக்கையில் இல்லை. நான் அவர் நேர்மையைக் குறை சொல்லவில்லை. ஒரு உறுப்பினருக்குப் பொருந்திய முறை இன்னொருவருக்கு ஏன் பொருந்தவில்லை என்று கேட்கிறேன்.

பொருளாதாரத் தொடர்புக்கு வருவோம். தேவிகுளம் தாலுகாவிலுள்ள மூணாற்றின் தேயிலை ஆரம்பத்தில் எந்த வழியாக இறங்கியது? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர். அரிசியும் ஆளும் மேலே ஏறியதும் அதே பக்கம்தான். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. ஆலுவாயிலிருந்து புதிய சாலை வந்தது 1931-இல். ஆக, கொச்சிப் பக்கத்துப் பொருளாதாரத் தொடர்பு என்பது, அறிக்கை எழுதியபோது கால் நூற்றாண்டு வயதுதான் ஆன ஒரு சாலை. தோட்டத் தமிழன் அதற்கும் முன்னாலிருந்து அங்கே இருக்கிறான். 1877-இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாற்றுத் தம்பிரானிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தபின், காட்டைத் திருத்தியது யார் கை? சாலை வேரூன்றிவிட்டது, மனிதன் மட்டும் வந்தேறி. இந்தக் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேங்கடத்தான்

நான் பள்ளிப்பட்டுப் பக்கம். தெற்கெல்லைக்காரர்கள் பேசும்போது வடக்கை மறந்துவிடுகிறீர்கள் என்பதால் குறுக்கே வருகிறேன்.

ஆந்திரம் 1953 அக்டோபர் 1-இல் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே போனது. சென்னை நகரமே போயிருக்கும். "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. தெருவில் இறங்கியதும், ராஜாஜி அசையாமல் நின்றதும் நகரைக் காப்பாற்றின. ஆனால் திருத்தணி அடுத்த மாநிலத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊர்களில் ம.பொ.சி.யோடு கே. விநாயகம் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகுதான் ஆந்திர-சென்னை எல்லையைத் தீர்க்கும் நடுவராகப் படாஸ்கர் வந்தார்.

படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்தார். ஒவ்வொரு ஊரிலும் எந்த மொழி அதிகம், அந்த ஊர் எந்தப் பக்கத்தோடு நிலத்தொடர்ச்சியில் இருக்கிறது, இரண்டையும் பார்த்தார். 1959-இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் திரும்பி வந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து தெலுங்கு ஊர்களைக் கொடுத்தோம். சத்தியவேடு அப்படித்தான் அந்தப் பக்கம் போனது. கொடுத்து வாங்கினோம். இரண்டு பக்கமும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டார்கள். தேவிகுளத்துக்கும் ஒரு படாஸ்கர் வந்திருந்தால் மறையூர், காந்தளூர், வட்டவடை மாதிரித் தமிழகத்தை ஒட்டிய மலையூர்கள் தனியாகப் பேசப்பட்டிருக்கும். செல்வன் அண்ணன் கேட்கும் இரண்டு அளவுகோல் என்ற கேள்வி வடக்கையும் தெற்கையும் பக்கத்தில் வைத்தால்தான் சரியாக விளங்கும்.

ஒரு விஷயம் மட்டும். ஊர் வந்ததால் எல்லாம் வந்துவிடாது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் எங்கள் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் தரைப்பாலங்கள் முழுகிவிடும், இரண்டு கரை ஊர்களும் துண்டாகும். கோடு சரியாக விழுந்த இடத்திலும் ஆற்றின் சாவி மேலே இருப்பவன் கையில்தான்.

கணக்கன்

வேங்கடத்தான் சொன்ன கடைசிப் பத்தி என் பக்கத்துக்கே பலம். விளவங்கோடு நமக்கு வந்தது, நெய்யாறு அணை கேரளத்தில் நின்றது. அங்கிருந்து விளவங்கோட்டுக்கு வரும் இடதுகரைக் கால்வாயில் 2004-இலிருந்து தண்ணீர் இல்லை. கால்வாய் இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, வயல் ரப்பராகிவிட்டது. இதற்கு எல்லையை நகர்த்தி விடை காண முடியாது, ஒப்பந்தம்தான் வேண்டும். தமிழகமும் கேரளமும் செய்த பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் குறைகளோடாவது நடக்கிறது அல்லவா?

கிராமத்தை அலகாக்கும் வாதம் திருத்தணியில் செல்லும், ஏனென்றால் அது சமவெளி, ஊர் ஊராக நிலம் தொடர்கிறது. மலையில் எஸ்டேட்தான் ஊர். ஒரு டிவிஷனில் தமிழர், அடுத்த காட்டுக்குள் முதுவான் பழங்குடியினரின் குடி, அதற்கடுத்த சரிவில் மலையாளி ஏலக்காரர். அங்கே கிராமக் கணக்கு எடுத்தால் கோடு எங்கே போகும்?

அப்புறம் இன்னொன்று. "குளமாவது மேடாவது" என்று காமராஜர் சொன்னதாக ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அவர் ஒருவர் விட்டுக்கொடுத்ததால் போயிற்று என்று எழுதுகிறார்கள். ஆணையம் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்றது, நாடாளுமன்றம் சட்டமாக்கியது. ஒரு முதலமைச்சரின் ஒரு வாக்கியத்தில் இவ்வளவையும் ஏற்றுவது வரலாறு ஆகாது.

தோவாளைச்செல்வன்

அந்த வாக்கியத்தை நான் எடுக்கவே இல்லை. ஆனால் திருத்தணிக்கு வந்த மாதிரி ஒரு படாஸ்கர் தேவிகுளத்துக்கு வரவில்லை. அது உண்மை. 1954 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடம் வென்றது, மலைத் தமிழரும் அதற்குத்தான் வாக்களித்தார்கள். அது வாக்கு இல்லையா? மக்கள் விருப்பம் என்று வேறு எதைக் கேட்டிருப்பார்கள்?

மலையில் கோடு போட முடியாது என்பதும் சரியில்லை. ஆட்களைக் கொண்டுபோய் வைக்க முடிந்ததே! 1955-இல் பட்டம் அரசு குடியேற்றத் திட்டம் போட்டு அன்றைய தேவிகுளம் தாலுகாவில் விவசாயிகளுக்கு நிலம் கொடுத்தது. கல்லாறு பக்கத்தில் பட்டம் காலனி என்று அந்தப் பெயரே இன்னும் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கு நிலத்தில் ஆள் குடியேற்றினார்கள். அவர்கள் நிலம் பெற்ற குடிகள். அவர்களுக்குப் பல பத்தாண்டுக்கு முன்னால் வந்தவன் கூலி.

மூணாறு மகள்

படித்துக்கொண்டே வந்தேன். எங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், நன்றி. ஆனால் மூன்று பேருமே அணை, சாலை, கோடு என்றுதான் போகிறீர்கள். 1956-க்குப் பிறகும் நாங்கள் அங்கேயே இருந்தோம்.

என் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி பின்னால் போடி வழியாக ஏறியவர். பாட்டி, அம்மா, சித்தி எல்லாரும் கொழுந்து கிள்ளினவர்கள். குடியிருப்பு லயம்: ஒரு அறை, ஒரு அடுப்படி, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். வேலை இருக்கும்வரைதான் லயம் நமக்கு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் அதே வேலையில் சேர வேண்டும். வீடு பறிபோகக் கூடாது என்பதற்காகவே படிப்பை நிறுத்திவிட்டுக் கூடையைத் தூக்கியவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். சென்ட் நிலம்கூட இல்லாதவனைத்தான் ஆணையம் நிலையில்லாதவன் என்று எழுதியது. நிலம் கொடுக்காதது யார் குற்றம்?

சாதிச் சான்றிதழ் கதை கேளுங்கள். பட்டியல் சாதிப் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் இருந்தவனிடம் பட்டா ஏது? தோட்டத்துப் பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்தால் உண்டு. அதுவும் கறையான் தின்றிருக்கும், அல்லது பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள். என் தம்பி அந்த ஒரு காகிதத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கல்லூரிச் சேர்க்கைத் தேதி தாண்டிப் போனது. தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால் நீங்கள் கேரளக்காரர் என்கிறார்கள்.

2015 செப்டம்பரில் பெண்பிளை ஒருமை என்று எங்கள் பெண்கள் சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தது கூலிக்கும் போனஸுக்கும். எந்த மாநிலம் என்று யாரும் அங்கே கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் நிறையப் பேருக்குச் சொந்தபந்தம் கயத்தாறு பக்கம். அப்போது நான்கு நாள் எல்லாரும் எங்களைத் தமிழர் என்றார்கள்.

கணக்கன்

அக்கா, நீங்கள் சொன்னதுதான் நான் சொல்ல நினைத்து வராத இடம். 1956-இல் கோடு மட்டும் போடவில்லை. ஏழாவது திருத்தத்தில் அரசியலமைப்பில் 350-அ சேர்த்தார்கள்: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஏற்பாடு வேண்டும் என்று. 350-ஆ-வில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி அலுவலர். எந்தப் பக்கம் கோடு போட்டாலும் ஆள் மிஞ்சுவான் என்று தெரிந்தே போட்டது. நாம் கோட்டுக்காகப் போராடினோம், இந்த இரண்டு பிரிவுக்காக யாரும் தெருவுக்கு வரவில்லை. ஒசூரில் தெலுங்கு, கன்னடம் படிக்கும் பிள்ளைகள், 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு தேர்வு விலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தோவாளைச்செல்வன்

ஒசூர்ப் பிள்ளைக்குத் தெலுங்குப் பள்ளி வேண்டும். அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. ஆனால் 350-அ-வைக் காட்டி 1955-ஐ மூடிவிடாதீர்கள். ஒசூரில் தெலுங்கர் குடியேறிய கூலி என்று யாரும் எழுதவில்லை. தேவிகுளத்தில் எழுதினார்கள். ஆள் இருக்கிறான், வாக்களிக்கிறான், ஆனால் எண்ணிக்கையில் சேர மாட்டான் என்றார்கள். அக்காவின் தம்பியிடம் 1950-க்கு முந்திய காகிதம் கேட்பதும் அதே கணக்குதான்.

மூணாறு மகள்

காகிதத்துக்கு இப்போது என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் அண்ணே. தேனி, தூத்துக்குடி, தென்காசி பக்கம் பழைய பள்ளிப் பதிவேடு, பத்திரம், கோயில் வரிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் பெயர் அதில் இருந்தால் எங்களில் சிலருக்கு உதவும். தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.