மறுமொழி: ‘குறை வளர்சிதைமாற்றர்’ – வேறு சொல் உண்டா?

வணக்கம் அண்ணா,

மருந்தை உடலில் சரிவர உடைக்க முடியாதவரை ஆங்கிலத்தில் ‘poor metabolizer’ என்பார்கள். அதற்குத் தமிழாகப் பிறஷர் குளிசைக் கையேட்டுக்கு நீங்கள் தந்த ‘குறை வளர்சிதைமாற்றர்’ திருகோணமலையில் எடுபடாது. கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறவர் தனக்கு வளர்ச்சியில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார். வளர்சிதைமாற்றத்துக்கு எங்கள் பாடநூல்களில் உள்ள ‘அனுசேபம்’ உங்கள் பக்கம் விளங்காது.

மெட்டோபுரோலோல் என்ற பிறஷர் குளிசையை ஈரலில் உடைப்பது சிப்2டி6 (CYP2D6) என்ற நொதியம். அதற்குரிய மரபணு 22ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் பழுதாக வாய்த்தவருக்கு மருந்து உடையாமல் இரத்தத்தில் பல மடங்கு ஏறி நிற்கும். ஒரே அளவு குளிசை போட்ட இருவரில் ஒருவருக்கு நாடி 70இல் நிற்க, மற்றவருக்கு 45க்கு இறங்கித் தலை கிறுகிறுக்கலாம். ஐரோப்பிய வம்சாவளியினரில் 5 முதல் 10 வீதம் பேர் இப்படி. இன்னொரு பிறஷர் குளிசையான அட்டெனோலோலில் இந்தத் தொல்லை இல்லை. அது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும்.

‘மருந்துதேக்கி’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லொசார்ட்டன் என்ற பிறஷர் குளிசையிடம் தோற்றுவிடும். அதைச் சிப்2சி9 (CYP2C9) என்ற வேறொரு நொதியம் மாற்றிய பிறகுதான் வீரியம் கூடிய வடிவம் கிடைக்கும். அந்த நொதியம் மந்தமானால் அந்த வடிவம் குறைவாகத்தான் உண்டாகும். ‘மருந்துமாற்றி’யும் வேண்டாம். இங்கே ‘மருந்து மாத்திப்போட்டாங்கள்’ என்றால் டொக்டர் வேறு குளிசை எழுதினார் என்றுதான் அர்த்தம்.

என் முன்மொழிவு: மந்த நொதியர். கூடவே இடை நொதியர், இயல்பு நொதியர், அதிவிரை நொதியர்.

– திருகோணமலையிலிருந்து

தம்பி,

‘நொதியர்’ பிடித்திருக்கிறது. ஆனால் ஒருவர் சிப்2டி6இல் மந்தமாகவும் சிப்2சி9இல் இயல்பாகவும் இருக்கலாம். நொதியின் பெயரைச் சேர்க்காவிட்டால் ஆள்மேலேயே முத்திரை குத்தியதாகிவிடும். அப்புறம், ‘மந்தம்’ என்றால் கொஞ்சமாவது வேலை நடக்கிறது என்று பொருள். சிப்2டி6இல் அதுவும் கிடையாதே. ‘செயலா நொதியர்’ என்று வைத்தால் என்ன?

– சென்னையிலிருந்து

அண்ணா, பெயர் சேர்ப்பது சரி: ‘சிப்2டி6 மந்த நொதியர்’ என்றே எழுதுகிறேன். ‘செயலா’ மட்டும் வேண்டாம். சிப்2சி9இல் கொஞ்சம் செயல் மிஞ்சும், அங்கே அந்தச் சொல் பொய்யாகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால்தான் கையேட்டு அட்டவணை நிற்கும்.

இன்னொரு கேள்வி. மனச்சோர்வுக்குப் பரொக்செட்டின் எடுப்பவருக்கு மரபணு நன்றாக இருந்தும் சிப்2டி6 முடங்கிப்போகும். மெட்டோபுரோலோல் அவருக்கும் ஏறும். அவரையும் மந்த நொதியரில் சேர்ப்பதா, தனிச்சொல் வேண்டுமா?