தவறென்று தெரிந்தே அரசுக்குச் சட்டக் கருத்து எழுதிய வழக்கறிஞரைக் கூண்டில் ஏற்றலாமா?

இளமாறன்:
அமெரிக்க அரசின் நீதித் துறையில் சட்ட ஆலோசனை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அது எழுதிக் கொடுப்பதைத்தான் மற்ற துறைகள் சட்டமாக எடுத்துக்கொள்ளும். 2002 ஆகஸ்ட் 1 அன்று, அதன் வழக்கறிஞர் ஜான் யூ முன்னின்று எழுதி அதன் தலைவர் ஜே பைபி கையெழுத்திட்ட மெமோ ஒன்று, உறுப்பு செயலிழப்புக்கோ மரணத்துக்கோ நிகரான வலி தந்தால்தான் அது சித்திரவதை என்றது. அன்றே வந்த இன்னொரு மெமோ, அபூ சுபைதா என்ற கைதியை வாட்டர்போர்டிங் செய்ய, அதாவது முகத்தில் தண்ணீர் ஊற்றி மூழ்குவதுபோல் மூச்சுத் திணறவைக்க, உளவு நிறுவனமான சிஐஏவுக்கு வழிவிட்டது. அந்த ஒரே மாதத்தில் 83 முறை அவர் முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியவரைக் கேட்டால் வக்கீல் சரி என்றார் என்கிறார். வக்கீலைக் கேட்டால் கருத்துதானே சொன்னேன் என்கிறார். இருவர் மீதும் வழக்கில்லை. இது எப்படி நியாயம்?

அன்வர்:
இளமாறன், கோபம் நியாயமானது, கேட்கும் மருந்து ஆபத்தானது. நான் வழக்கறிஞர். தவறான கருத்து சொல்வது குற்றமானால் எங்களில் பாதிப் பேர் உள்ளே இருப்போம். வங்கிக்குச் சொத்துப் பத்திரம் சரிபார்த்துத் தந்த ஒரு வழக்கறிஞரை சிபிஐ மோசடி வழக்கில் சேர்த்தபோது, 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கருத்து தவறாகப் போனது மட்டும் போதாது, சதியில் அவர் பங்கெடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது. நாளை ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் வக்கீல்களை எல்லாம் வரிசையாக ஜெயிலுக்கு அனுப்புவார்கள். பிறகு எந்த அரசு வக்கீலும் மனதில் பட்டதை எழுத மாட்டார்.

கயல்விழி:
அன்வர் சார், அந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. கவனக்குறைவு வேறு, உடந்தை வேறு என்று பிரித்ததே அதன் சாரம். நாங்கள் கேட்பதும் உடந்தையைத்தான். அந்த மெமோவைப் படித்துப் பாருங்கள். வலிக்கான அளவுகோல் எங்கிருந்து வந்தது? அவசர மருத்துவ நிலை எது என்று சொல்லும் ஒரு மருத்துவப் பலன் சட்டத்திலிருந்து. சித்திரவதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதிபரின் போர் அதிகாரத்தைப் பற்றி இத்தனை எழுதியவர்கள், அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1952 எஃகு ஆலைத் தீர்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவருக்கே தெரிந்த தீர்ப்பு அது. டெக்சாஸில் கைதிகளைத் தண்ணீரால் வதைத்த ஷெரிப்பும் அவர் ஆட்களும் 1983இல் தண்டிக்கப்பட்டதும் அதில் இல்லை.

அன்வர்:
டெக்சாஸ் வழக்கு குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் நடந்தது. சித்திரவதைச் சட்டமே 1994இல்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டதை வைத்துக் கெட்ட எண்ணம் என்று முடிவு கட்ட முடியாது. எஃகு ஆலைத் தீர்ப்பை விட்டது பெரிய குறைதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளேயே திருத்தம் நடந்ததே! பின்னர் அந்த அலுவலகத்தின் தலைவராக வந்த ஜாக் கோல்ட்ஸ்மித் 2004இல் அந்த மெமோவைத் திரும்பப் பெற்றார்.

செல்வம்:
2004க்கு முன்பே, 2003 மார்ச்சில், காலித் ஷேக் முகமது என்ற இன்னொரு கைதிக்கு 183 முறை தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் அவருக்கு என்ன செய்தது?

இளமாறன்:
முன்னுதாரணமும் இருக்கிறது. நாஜி ஜெர்மனியின் ராணுவத் தலைமையகத்தின் சட்டத் தலைவர் ருடால்ஃப் லேமன் யாரையும் கையால் தொடவில்லை. 1941இல் சோவியத் மக்கள் மீது வீரர்கள் செய்யும் குற்றத்தை விசாரிக்கத் தேவையில்லை என்ற ஆணையை வடிவமைத்தார். நூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் 1948இல் அவருக்கு ஏழாண்டு தண்டனை.

அன்வர்:
அவர் வரைந்தது ஆணை. யூ எழுதியது கருத்து. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கயல்விழி:
அந்தக் கருத்து இல்லாமல் வாட்டர்போர்டிங் தொடங்கியிருக்காது சார். சிஐஏ அதைக் கேட்டு வாங்கியதே எழுத்தில் பாதுகாப்பு வேண்டும் என்றுதான். கைதிகளை நடத்தும் முறை பற்றிய 2005 அமெரிக்கச் சட்டத்தில், வக்கீல் சொன்னதை நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்தேன் என்பதைத் தற்காப்பில் முக்கியமாகக் கருத வேண்டும் என்றும் எழுதினார்கள். செய்தவரைக் காப்பாற்றும் அளவுக்கு அந்தக் கருத்துக்கு வலு உண்டென்றால், எழுதியவரின் பொறுப்புக்கும் அதே வலு வேண்டும். புதுச் சட்டம்கூட வேண்டாம். சித்திரவதைக்குச் சதி செய்வது 2001இலேயே தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது.

அன்வர்:
சதிக்கு எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் அம்மா. நீதித் துறையின் நெறிமுறைப் பிரிவு யூவையும் பைபியையும் ஆண்டுக்கணக்கில் விசாரித்துத் தொழில்முறைத் தவறு என்றது. 2010இல் அதே துறையின் மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸ் அதையும் ஏற்காமல், மோசமான முடிவு என்பதோடு நிறுத்தினார். ஒழுங்கு நடவடிக்கைக்கே போதாத ஆதாரம், குற்ற வழக்குக்கு எப்படிப் போதும்?

கயல்விழி:
அந்த விசாரணைக்குக் கிடைக்காததையும் சொல்லுங்கள். யூவின் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன என்று அறிக்கையே சொல்கிறது. பதவியை விட்டுப் போனவர்களைக் கட்டாயப்படுத்தி வாக்குமூலம் வாங்க அந்தப் பிரிவுக்கு அதிகாரமும் கிடையாது. குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரிக்கு அந்த அதிகாரம் உண்டு. மெமோ எழுதும்போது வெள்ளை மாளிகை என்ன கேட்டது, யார் எந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னார்கள் என்று சத்தியப் பிரமாணத்தில் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்ட பிறகும் கெட்ட எண்ணம் தெரியவில்லை என்றால், வழக்கு வேண்டாம் என்று நானே சொல்வேன்.