மடிக்கணினியில் பாட்டுப் பதிவு: பஃபரைக் குறைத்தால் சடசடப்பு, கூட்டினால் தாமதம்

கேள்வி – மெட்டுப்பிரியன்

வணக்கம். எட்டு கோர் செயலி, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி ஆகியவை கொண்ட விண்டோஸ் 11 மடிக்கணினியில் பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். மைக்கை யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக இணைத்து 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள்கள் (ஒலி அளவீடுகள்) என்ற வேகத்தில், வேலை செய்கிறேன். பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிளில் வைத்தால் இருபது, முப்பது விநாடிக்கு ஒருமுறை காய்ந்த சருகை மிதித்தது போன்ற ஒரு சத்தம் பதிவிலேயே விழுந்துவிடுகிறது. 1024-க்கு உயர்த்தினால் அந்தச் சத்தம் போய்விடுகிறது. ஆனால் பாடுபவரின் குரல் அவருடைய ஹெட்ஃபோனுக்கே தாமதமாகத் திரும்பி வருவதால், இரண்டு வரி பாடுவதற்குள் காலப்பிரமாணம் தடுமாறிவிடுகிறது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், சடசடப்பு வரும் நேரத்திலும் டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ட்ராக்குகளும் பன்னிரண்டுதான். ரேமை 32 ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பணம் செலவழிப்பதற்கு முன்பு, அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதில் – ஒலிக்கோவை

ரேம் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். பெரிய சாம்பிள் நூலகங்களை ஏற்றி ரேம் நிரம்பி வழிந்தால் ஒழிய, நீங்கள் சொல்லும் கோளாறுக்கும் ரேமுக்கும் தொடர்பில்லை.

டாஸ்க் மேனேஜர் காட்டும் 30 சதவீதம் என்பது எல்லா கோர்களுக்குமாகச் சேர்த்து, ஏறத்தாழ ஒரு விநாடிக்குக் கணக்கிடப்படும் சராசரி. ஒலிக்கு அந்தச் சராசரி உதவாது. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.67 மில்லிவிநாடி, அந்த நேரத்துக்குள் எல்லா ட்ராக்குகளின் கணக்கையும் முடித்து அடுத்த பஃபரை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும். இப்படி ஒரு விநாடிக்கு 375 கெடுக்கள் வருகின்றன. அவற்றில் 374 சரியாக அமைந்து ஒன்று மட்டும் தவறினாலும் காதில் விழுந்துவிடும். விரைவாக வாசிக்கும் கை வேறு, தாளம் தப்பாமல் வாசிக்கும் கை வேறு அல்லவா? மடிக்கணினியிடம் நமக்கு வேண்டியது இரண்டாவது திறன்.

கெடுவைத் தவறவிடச் செய்வது பெரும்பாலும் இசை மென்பொருள் அன்று, பின்னணியில் இயங்கும் ஏதோ ஒரு டிரைவர்தான் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்). வன்பொருள் ஒன்று செயலியைக் கூப்பிடும்போது, அதன் டிரைவர் தன் வேலையின் மிச்சத்தை டிபிசி என்னும் வரிசையில் போட்டுவைக்கிறது. அந்த வரிசையில் இருக்கும் வேலை ஓடும்போது, அதே கோரில் உங்கள் இசை மென்பொருள் எவ்வளவு முன்னுரிமை கேட்டாலும் காத்துத்தான் இருக்க வேண்டும். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் சில மைக்ரோவிநாடிகளில் விலகிக்கொள்ளும்; மோசமாக எழுதப்பட்டது இரண்டு மூன்று மில்லிவிநாடி பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் 2.67 மில்லிவிநாடி அதிலேயே போய்விடும்.

லேட்டன்சிமான் என்ற சிறு மென்பொருளை இயக்கி, பத்து நிமிடமாவது விட்டுவையுங்கள். அதன் டிரைவர்கள் பட்டியலை, அதிக நேரம் ஓடியது மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். என்னுடைய பழைய மடிக்கணினியில் பல மாதங்கள், இசை மென்பொருளில் சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளக்-இன்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு நீக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 200 மைக்ரோவிநாடிக்குள் அடங்கியிருந்த எண் திடீரென்று 3,000-ஐத் தாண்டியது. வைஃபை அட்டை அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடிய கணம் அது. வைஃபையை நிறுத்தினேன், சத்தமும் நின்றது. உங்களுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் வருவதால் அங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

இன்னொன்று: இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்கள் தரும் ஏசியோ டிரைவரைத்தான் பயன்படுத்துகிறீர்களா? ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோவைக் கொண்டுவந்ததே, இயங்குதளத்தின் ஒலிக்கலவைப் படிகளைச் சுற்றிப் போய் வன்பொருளோடு நேராகப் பேசுவதற்காகத்தான். ஏசியோ4ஆல் என்பது விண்டோஸின் சாதாரண டிரைவர் மேல் போர்த்திய ஒரு மேலுறை. சொந்த டிரைவர் இல்லாத இடத்தில் அது பேருதவி, இருக்கும் இடத்தில் தேவையில்லை.

பதில் – பாடகர் பக்கம்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால், பாடுபவருக்குத் தாமதம் தெரியாமல் இருக்க 128-க்கு இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பஃபர் 1024 என்றால் உள்ளே வர 21 மில்லிவிநாடி, வெளியே போக 21 மில்லிவிநாடி, ஆக 43-ஐ நெருங்குகிறது. காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர் செல்கிறது என்று வைத்துப் பார்த்தால், தன் குரலை 14 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து கேட்டுக்கொண்டே பாடுவதற்கு அது சமம். யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள்.

உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே போனால் மைக்கின் குரல் கணினிக்குள் நுழையாமலேயே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு தடவை கேட்கும். ரிவெர்ப் இல்லாமல் பாட வராது என்று பாடுபவர் சொன்னால், ரிவெர்பை மட்டும், அசல் குரல் கலக்காமல், கணினியிலிருந்து அனுப்பலாம். ரிவெர்ப் சற்றுத் தாமதித்து வருவதைக் காது இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். கூடத்தின் எதிரொலியும் அப்படித்தானே வருகிறது.

மெட்டுப்பிரியன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஏசியோ4ஆல்தான் போட்டிருந்தேன், அதை நீக்கிவிட்டு இன்டர்ஃபேஸுக்கு உரிய டிரைவரை நிறுவினேன். லேட்டன்சிமானில் வைஃபை டிரைவரே முதலிடத்தில் நின்றது. விமானப் பயன்முறையில் வைத்ததும் அந்த இருபது விநாடிச் சத்தம் அறவே நின்றுவிட்டது.

என் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் வசதி இல்லை. அதனால் 128-லேயே பதிவு செய்தேன். இப்போது வேறு இரண்டு சிக்கல்கள். 128-இல் இருந்தும் குரலில் இன்னும் ஒரு பின்தங்கல் தெரிகிறது. சரணத்தில் வயலின் குழு நுழையும் இடத்தில், அதுவும் அரைமணி நேரம் வேலை செய்த பிறகு, மறுபடி சடசடக்கிறது. எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டரில், ஒலி உச்சத்தை அடக்கும் ஒரு லிமிட்டரும், ஒலியின் நிறத்தைத் திருத்தும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் இருக்கின்றன, இவற்றால் இருக்குமோ?

பதில் – ஒலிக்கோவை

பின்தங்கலுக்குக் காரணம் அவைதாம். வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வதற்காக லிமிட்டர் ஒலியைச் சில மில்லிவிநாடி நிறுத்திவைக்கிறது. லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ தன் கணக்கு முறையின் காரணமாகவே பல பத்து மில்லிவிநாடி வரைகூட எடுத்துக்கொள்ளும். மாஸ்டரில் நிற்பதால், ஹெட்ஃபோனுக்குப் போகும் குரலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தாமதம் குறையாது. குரல் பதிவு முடியும்வரை மாஸ்டரை வெறுமையாக வைத்திருங்கள். மிக்ஸிங்குக்கு வரும்போது பஃபரை 1024-க்கு உயர்த்திக்கொண்டு இரண்டையும் திரும்பப் போடலாம்; அப்போது தாமதம் யாரையும் பாதிக்காது.

சரணத்தில் சடசடப்பது வேறு கதை. ஒரு ட்ராக்கில் பிளக்-இன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, முந்தையது முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். ஆகவே அந்த வரிசை முழுவதையும் பொதுவாக ஒரே கோர்தான் சுமக்கிறது. மற்ற ஏழும் சும்மா இருந்தாலும் அதற்குக் கைகொடுக்க முடியாது. வயலின் குழுவை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். அது ஒலிக்கோப்பாக மாறிவிடும், சுமையும் அநேகமாக இல்லாமல் போய்விடும். திருத்த வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம்.

அரைமணி நேரம் கழித்து என்று சொன்னீர்கள் அல்லவா, அதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய உடலுக்குள் அடைபட்ட செயலி சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் அமைப்பில் செயலியின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றினால், பல கணினிகளில் டர்போ என்னும் தற்காலிக வேகக்கூட்டல் நின்றுவிடும். உச்ச வேகம் குறையும், ஆனால் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடும். பதிவு நேரத்துக்கு நான் இதைத்தான் விரும்புகிறேன். அடிப்பக்கம் காற்றோடும்படி நான்கு மூலைகளையும் உயர்த்தி வையுங்கள், மெத்தை மேல் வேண்டவே வேண்டாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி கருவிகளை உறங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றினால் பல மடிக்கணினிகள் தாமாகவே வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும் என்பதால், பதிவின்போது சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். அப்போது ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், அது மின் இணைப்பின் எர்த் சார்ந்தது.

மெட்டுப்பிரியன்

மாஸ்டரை வெறுமையாக்கி, வயலின் குழுவை ஃப்ரீஸ் செய்து, 99 சதவீதத்துக்கு மாற்றிய பின் நேற்று மாலை தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தோம். பல்லவியும் இரண்டு சரணங்களும் முடிந்துவிட்டன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுவதையும் இரண்டு முறை கேட்டேன், ஓர் இடத்தில்கூடச் சத்தம் இல்லை. குரல் தாமதமாக வருகிறது என்று பாடியவரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இரைச்சலும் இல்லை. பஃபர் 128-லேயே இருக்கிறது, ரேம் அதே 16 ஜிபிதான்.